வைத்தியரின் கூலியும் நம் பேரேடும்



வியாபாரம் செய்து பிழைக்கும் சமுதாயம் நாம். அளவையில் குறைக்கலாகாது, நிறுவையில் மோசம் செய்யலாகாது, சரக்கின் பழுதை மறைத்து விற்கலாகாது என்று மிம்பரிலிருந்து கேட்டுக் கேட்டு நம் காதுகள் பழகியிருக்கின்றன. அரிசிக்கும் ஜவுளிக்கும் மசாலைச் சாமானுக்கும் இந்தச் சட்டங்களை இயன்றவரை பேணியும் வருகிறோம். ஆனால் தராசில் ஏற்ற முடியாத சரக்கு ஒன்று உண்டு. அது பிறருடைய அறிவும் உழைப்பும். டாக்டரிடம் நாம் பெறுவது அந்தச் சரக்கைத்தான். அதற்குரிய விலையை நேர்மையாகக் கொடுக்கிறோமா என்பதை இன்று சற்றுச் சிந்திப்போமாக.

"வைத்தியம் என்பது தருமமல்லவா? அதற்குக் காசு கேட்பது தகுமா?" என்று வினவுவோர் நம்மில் உண்டு. வினவுகிறவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் கையில் பில்லை வைத்திருப்பவராகவே இருப்பார்! இந்த வினாவுக்கு நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் வாழ்விலேயே விடை கிடைக்கிறது. அபூ தைபா என்பவர் அவர்களுக்கு இரத்தம் குத்தி எடுத்து வைத்தியம் செய்தார். அவர் ஓர் அடிமை. நபிகளார் வேலையை வாங்கிக்கொண்டு, "அல்லாஹ் உமக்கு நற்கூலி தருவான்" என்று வெறும் துஆவோடு அனுப்பிவிடவில்லை. உணவுப்பொருளை ஸாஉக் கணக்கில் அளந்து கொடுக்கச் செய்தார்கள். அத்துடன் நில்லாமல், அவருடைய எஜமானர்களிடம் பேசி, அவர் கட்டவேண்டியிருந்த தொகையையும் குறைக்கச் செய்தார்கள். இத்தொழிலின் வருவாயைத் தாழ்த்திப் பேசும் அறிவிப்பும் இருக்கிறது. எனினும், அது ஹராமாக இருந்திருந்தால் நபிகளார் கொடுத்திருக்கமாட்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கிவிட்டார்கள். இமாம்களில் பெரும்பாலோர் முடிவும் அதுவே.

மற்றொரு சம்பவத்தையும் பாருங்கள். பயணம் சென்ற ஸஹாபாக்கள் சிலர் ஓர் அரபுக் கூட்டத்தாரிடம் விருந்து கேட்டனர். அவர்கள் மறுத்துவிட்டனர். சிறிது நேரத்தில் அக்கூட்டத்தின் தலைவரை விஷ ஜந்து தீண்டிவிட, அவர்களே ஓடிவந்து உதவி கேட்டனர். ஸஹாபாக்கள் முதலில் கூலியைப் பேசி முடித்தார்கள். ஓர் ஆட்டு மந்தை என்று தீர்ந்தது. பிறகு சூரத்துல் ஃபாத்திஹாவை ஓதினார்கள். தலைவர் எழுந்து நடந்தார். ஆடுகளைப் பங்கிடத் தயங்கி அவர்கள் மதீனா வந்து கேட்டபோது, நாயகம் அவர்கள் அதை ஏற்றதுடன், தமக்கும் ஒரு பங்கு வைக்கச் சொன்னார்கள். சந்தேகத்தின் வேரையே களைந்த செயல் இது. வைத்தியத்துக்குக் கூலி ஹலால். அக்கூலி முன்கூட்டியே தெரிந்திருப்பது அழகு.

அப்படியானால் ஏழையின் கதி என்ன? இதற்கும் நம் முன்னோர் வழி கண்டார்கள். 1154ஆம் ஆண்டு டமாஸ்கஸில் சுல்தான் நூருத்தீனும், 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூனும் பெரும் மருத்துவமனைகளை நிறுவினார்கள். நோயாளிக்கு அங்கே செலவில்லை. வைத்தியருக்கோ சம்பளம் உண்டு. அந்தச் சம்பளத்தைச் சுமந்தது வக்ஃபுச் சொத்தின் வருமானம். இலவச வைத்தியம் என்றால், நோயாளிக்குப் பதிலாக வேறொருவர் கொடுக்கிறார் என்பதே பொருள். வைத்தியர் பட்டினி கிடக்கவேண்டும் என்பதன்று.

நம் மலேசிய நாட்டில் அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லும் குடிமகன் 1 வெள்ளி கட்டி, டாக்டரையும் பார்த்து, மருந்தையும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். மீதிச் செலவைப் பொதுக் கருவூலம் ஏற்கிறது. அல்ஹம்துலில்லாஹ், பெரும் பாக்கியமே! ஆனால் அந்தக் கருவூலம் தன் வேலையாட்களை எப்படி நடத்துகிறது என்பதையும் கவனிக்க வேண்டாமா? 2016 டிசம்பர் முதல் புதிதாகச் சேர்ந்த டாக்டர்கள் நிரந்தர வேலையில்லாமல் ஒப்பந்தத்தில் வைக்கப்பட்டார்கள். கோவிட் நோய் கொடிதாகப் பரவிய 2021ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், அவர்களில் பலர் கருப்புடை அணிந்து மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்றதை நாடே கண்டது. விடுமுறை நாளில் 24 மணி நேரம் வார்டில் காவல் நின்ற மருத்துவ அதிகாரிக்கு 220 வெள்ளி படி என்பது நெடுங்காலம் இருந்த கணக்கு. வகுத்துப் பாருங்கள், மணிக்கு 9 வெள்ளியும் சில காசுமே தேறும். 55 முதல் 65 வெள்ளி வரை இப்படி உயரும் என்ற அறிவிப்பு, 2025ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டில்தான் வந்தது.

தெருமுனைக் கிளினிக் டாக்டரின் கதை வேறு. அவருடைய ஆலோசனைக் கட்டணம் 10 முதல் 35 வெள்ளி வரை என்று 2006ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்தன. 2013இல் தனியார் மருத்துவமனை நிபுணர்களின் கட்டணம் 14.4 விழுக்காடு உயர்ந்தது. இவருக்குரிய எண்ணோ பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் அசையவில்லை. 2006இல் நம் கடையில் ஒரு கோப்பை தே தாரிக் என்ன விலை விற்றது, பத்தாண்டு கழித்து என்ன விலை விற்றது என்று நம் கல்லாப்பெட்டியையே கேட்போம். கடை வாடகை ஏறியது, ஆள் சம்பளம் ஏறியது என்று நாம் விலையை ஏற்றினோம். அதே தெருவில் அதே வாடகை கொடுத்தவர் என்ன செய்வார்? அறிவுக்கு விலை கேட்க முடியாதவர், மருந்தின் விலையில் அதை ஏற்றிவைத்தார். நாமும், "டாக்டர் இரண்டு நிமிஷம்தானே பார்த்தார்!" என்று முணுமுணுத்தோம், மருந்துப் பொட்டலம் கனமாக இருந்தால் திருப்தி அடைந்தோம். ஆகக் கூலி தன் பெயரை மறைத்துக்கொண்டு மாத்திரைக்குள் புகுந்தது. 2025 மே 1ஆம் நாள் முதல் மருந்து விலையை எழுதி வைக்கவேண்டும் என்று சட்டம் வந்தபோது இந்த மூடுதிரை விலகியது. மே 6இல் டாக்டர்கள் புத்ராஜெயாவில் கூடி முறையிட்டதற்கும் இந்தப் பழைய கட்டணக் குறையே ஒரு காரணம்.

இதைப் படித்துவிட்டு, "அரசாங்கம் பார்க்கவேண்டிய காரியம்" என்று நாம் தாளை மடித்து வைத்துவிடலாகாது. நம் பேரேட்டைத் திறந்து பார்ப்போம். நம் கடையாட்களுக்காக ஒரு கிளினிக்கில் கணக்கு வைத்திருக்கிறோம். மாத முடிவில் பில் வருகிறது. சரக்கு மொத்த வியாபாரிக்கு உடனே பணம் போகிறது. தாமதித்தால் அடுத்த சரக்கு வராது. டாக்டர் பில்லோ மேசையடியில் இரண்டு மாதம், மூன்று மாதம் உறங்குகிறது. ஏன்? அவர் வந்து கதவைத் தட்டமாட்டார் என்ற தைரியம்! வசதியுள்ளவன் கடனைத் தள்ளிப்போடுவது அநியாயம் என்று நாயகம் அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடாதவனுக்கு எதிராக, கியாமத்து நாளில் அல்லாஹு தஆலாவே வழக்காடுவான் என்றும் ஹதீஸ் இருக்கிறது. அந்த மன்றத்தில் எந்த வக்கீலை வைத்து நாம் வாதாடுவோம்?

இன்னொரு வழக்கமும் நம்மிடம் உண்டு. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் டாக்டரைக் கண்டால் போதும். சட்டைப் பையிலிருந்து இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து நீட்டிவிடுகிறோம். அவரும் சகோதர வாஞ்சையினால் சிரித்துக்கொண்டே பார்க்கிறார். வசதியில்லாதவர் கேட்டால் அது டாக்டருக்கு ஸதகாவாகும். வசதியுள்ள நாம் கேட்டால் அதற்கு என்ன பெயர்? நம் கடைக்கு அவர் வந்து, "ஒரு கிலோ ஏலக்காயைச் சும்மா போடுங்கள் பாய்" என்று கேட்டதுண்டா?

டாக்டர்களுக்கும் ஒரு சொல் உண்டு. தேவையில்லாத பரிசோதனையை எழுதுவதும், வேண்டாத மருந்தைத் திணிப்பதும், வராத நோய்க்கு லீவுச் சீட்டு விற்பதும் தராசுத் தட்டின் அடியில் மெழுகு ஒட்டுவதற்குச் சமம். அரைகுறை அறிவுடன் வைத்தியம் செய்து தீங்கு விளைவித்தவர் நஷ்டத்துக்குப் பொறுப்பாளி என்பது மார்க்கச் சட்டம். ஆகவே எல்லா டாக்டர்களுக்கும் கூலி குறைவு என்றோ, எல்லோரும் கொள்ளையடிக்கிறார்கள் என்றோ நாம் ஒரே வாயில் தீர்ப்புச் சொல்லலாகாது. நியாயத்துக்கு உரைகல் தொகையின் பெருமை சிறுமையன்று. செய்தது தேவையான வேலையா? அதன் கூலி இரு தரப்புக்கும் வெளிப்படையாகத் தெரிந்ததா? மனம் ஒப்பிக் கொடுக்கப்பட்டதா? காலத்தில் கொடுக்கப்பட்டதா? இந்த நான்கும் பொருந்தினால் அது நியாயமான கூலி. ஒன்று தவறினாலும் யாரோ ஒருவருடைய ஹக்கு நம் கழுத்தில் தொங்குகிறது.

சகோதரர்களே! சட்டத்தின் எண்களை மாற்றுவது நம் கையில் இல்லை. நம் பேரேடு நம் கையில் இருக்கிறது. இம்மாதக் கணக்கை முடிக்குமுன் கிளினிக் பாக்கி எவ்வளவு என்று பார்த்து, அதை முதல் வரிசையில் தீர்ப்போம். ஆலோசனைக்கென்று டாக்டர் தனியே கட்டணம் எழுதினால், முகம் சுளிக்காமல் கொடுப்போம். கையில் மிகுதியுள்ளவர்கள், வசதியற்ற ஒரு நோயாளியின் பில்லைத் தாமே ஏற்று, நூருத்தீனும் கலாவூனும் காட்டிய வழியில் ஓரடி வைப்போம். பிறர் உழைப்பின் ஹக்கு கலவாத லாபத்தில்தான் பரக்கத் இறங்கும்.

வல்ல நாயன் நம் வியாபாரத்தைச் சுத்தப்படுத்தி, நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், அவர்களுக்காகக் கண்விழிக்கும் வைத்தியர்களுக்கு நிறைவான கூலியையும் தந்தருள்வானாக! ஆமீன்.