கட்டங்கள்

சனிக்கிழமைகளில் திருநள்ளாறு வருகிறவர்கள் நளதீர்த்தத்தில் எண்ணெய் முழுக்குப் போட்டுவிட்டு, உடுத்தி வந்த துணியைக் குளத்தோடு விட்டுப் போகிறார்கள். துணியோடு பீடையும் போய்விடும் என்று நம்பிக்கை. யாருக்கு என்ன கெடுதல் நேர்ந்தாலும் ஜாதகக் கட்டத்தில் அதற்கு ஓர் இடம் வைத்திருக்கிற ஊர் இது. 2021 டிசம்பர் 8ஆம் தேதி குன்னூருக்குப் பக்கத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்த மறுநாள், டீக்கடையில் ஒருவர் அதில் போனவர்களில் யாருக்கு அஷ்டமச் சனியாக இருந்திருக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கேலியாக அல்ல, நிஜமான கவலையோடு. அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்று அவ்வளவு இல்லை. அவருடைய கட்டத்தைவிட மேலான கட்டம் ஒன்று அரசாங்கத்திடம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இப்போது அது நிச்சயமில்லை.

நடந்தது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தது என்றால், முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத் இறந்துபோனார் என்று தெரியும். ஹெலிகாப்டரை ஓட்டியவர் பெயரைக் கேட்டால் நம்மில் பலர் யோசிப்போம். விங் கமாண்டர் பிருத்வி சிங் சௌஹான், ஆக்ராக்காரர், 109ஆவது ஹெலிகாப்டர் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். உடன் ஓட்டியவர் ஸ்குவாட்ரன் லீடர் குல்தீப் சிங். ஜூனியர் வாரண்ட் ஆபீசர்கள் ராணா பிரதாப் தாஸ், பிரதீப். பின்னவர் திருச்சூர்க்காரர், 2018 கேரள வெள்ளத்தின்போது மீட்பு வேலையில் இருந்தவர். சூலூரில் முற்பகல் 11.48க்குக் கிளம்பிய மி-17வி5, 12.15க்கு வெலிங்டனில் இறங்க வேண்டும். சுமார் 12.08க்குச் சூலூர் கட்டுப்பாட்டு அறையோடு தொடர்பு அறுந்தது. இன்னும் ஏழு நிமிஷம்தான் பாக்கி. மலை ரயில் பாதையில் நின்றிருந்த சுற்றுலாக்காரர்கள் எடுத்த வீடியோவில் ஹெலிகாப்டர் மூடுபனிக்குள் போகிறது. அதற்கப்புறம் சப்தம் மட்டும்தான். பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் அன்றே போய்விட்டார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி, டிசம்பர் 15இல் பெங்களூரில் இறந்தார்.

விசாரணை நடந்தது. 2022 ஜனவரியில் முதல் முடிவுகள் வெளியாயின: எந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, கவனக்குறைவு இல்லை, பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசையுணர்வு தவறி, மலையில் மோதியது. பிறகு 2024 டிசம்பரில் பாராளுமன்றப் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவின் அறிக்கை வந்தது. அதில் 2017 முதல் 2022 வரை விமானப் படையில் நேர்ந்த 34 விபத்துக்களுக்கு ஒரு பட்டியல். காரணம் என்ற கட்டத்தில், 2021 டிசம்பர் 8க்கு நேரே, மனிதப் பிழை, ஓட்டியவர்களுடையது என்று போட்டிருந்தது.

முதலில் கவனக்குறைவு இல்லை, பின்னால் பிழை. இரண்டும் முரண் என்று சிலர் சொன்னார்கள். முரண் இல்லை என்று எனக்குப் படுகிறது. ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவிலுள்ள இடத்தில்தான் ஒரு மனிதனை நினைவு வைத்துக்கொள்வது பற்றிய பிரச்னை முழுவதும் இருக்கிறது.

திசையுணர்வு தவறுவது என்றால் என்ன? காதுக்குள் மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. அவற்றிலுள்ள திரவத்தின் அசைவைக் கொண்டுதான் நாம் திரும்புகிறோமா சாய்கிறோமா என்று உடம்பு தெரிந்துகொள்கிறது. கண்ணுக்குத் தொடுவானம் தெரிகிறவரை கண் இதைத் திருத்திக்கொண்டே வரும். மேகத்துக்குள் கண் இல்லை. மெதுவாகத் தொடரும் ஒரு திருப்பத்தில் திரவமும் கூடவே ஓடப் பழகிவிடும். திரும்பிக்கொண்டிருப்பவன் நேரே போவதாக உணர்வான். உடம்பு பொய் சொல்கிறது, அதுவும் பூரண நிச்சயத்தோடு. அப்போது உடம்பை நம்பாதே, கருவியை நம்பு என்பது விமானிகளுக்குக் கொடுக்கிற பயிற்சி. ஆனால் சாய்ந்திருக்கிறாயா இல்லையா என்று சொல்லும் கருவி, வெள்ளைக்குப் பின்னால் மலை நிற்கிறது என்று சொல்லாது. இப்படிப்பட்ட மோதலுக்கு அந்தத் துறையில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசிக் கணம்வரை விமானம் ஓட்டியவன் கட்டுப்பாட்டில் இருந்தது என்பது அந்தப் பெயருக்கு அர்த்தம். வண்டி அவனைக் கைவிடவில்லை. அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டே போய் மோதியது. இதைவிடத் தனிமையான சாவு எனக்குத் தெரியவில்லை.

இதற்குப் பிழை என்றுதான் பெயர். வேறு வார்த்தை தேடுவது மரியாதை ஆகாது. விதி என்றால் அவன் செய்தது இல்லாமல் போகிறது. வீரமரணம் என்றாலும் அப்படியே. மேகமும் மலையும் அந்த ஏழு நிமிஷமும் மாலைக்கடியில் மறைந்துவிடுகின்றன. பிழை என்கிற வார்த்தையாவது ஒருவன் அங்கே உட்கார்ந்து, முடிவு செய்துகொண்டிருந்தான் என்று ஒப்புக்கொள்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எவ்வளவு பெரியவர்களானாலும் அந்த நேரத்தில் பிழை செய்ய முடியாதவர்கள். பொறுப்பு உள்ளவனுக்குத்தான் பிழை வாய்க்கும். எழுதுகிற நமக்குப் பிழை நேர்ந்தால் அடுத்த இதழில் திருத்தம் போடலாம். அந்தச் சௌகரியத்தில் உட்கார்ந்துகொண்டு அவன் பிழையை அளப்பதில் எனக்குக் கூச்சம் இருக்கிறது.

தப்பு வார்த்தையில் இல்லை. அது கட்டத்துக்குள் அடைபட்டதில் இருக்கிறது. கட்டம் நிரம்பியதும் கேள்வி முடிந்துவிடுகிறது. மலை வானிலை, பயணத் திட்டம், முக்கியஸ்தர்களை ஏற்றிக்கொண்டு போகும்போது திரும்பிவிடலாம் என்று ஒருவன் முடிவு செய்ய எவ்வளவு இடம் இருக்கிறது என்பது, இவையெல்லாம் கட்டத்துக்கு வெளியே. அந்தப் பதினைந்து இருபது வருஷத்துப் பறத்தலும் வெளியே. டீக்கடைக்காரர் சனியின் மேல் போட்டார், அறிக்கை மனிதன் மேல் போட்டது. இரண்டுக்கும் அப்புறம் மற்றவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

இதை எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். 1987 அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்திய மி-8கள் துருப்புகளை இறக்கியதை ஞாபகப்படுத்தினார். அந்த ஜனங்களுக்கு ஹெலிகாப்டர் சப்தம் என்றால் என்ன என்று கேட்டார். நியாயமான கேள்வி. கூரையில் நிற்பவனைத் தூக்குகிற எந்திரமும் துப்பாக்கிக்காரனை இறக்குகிற எந்திரமும் ஒன்றுதான்; சேவை என்ற வார்த்தை இரண்டையும் மூடிக்கொண்டு நிற்கிறது. ஏற்றுவது எதை என்று விமானி தேர்ந்தெடுப்பதில்லை. இது அவனுக்குச் சமாதானம் ஆகாது. அதைச் சொல்லாத அஞ்சலி வெறும் சிலை. ஆனால் அதற்காக நினைக்கவே மாட்டேன் என்பதும் இன்னொரு கட்டம்தான். நாம் போட்டது, அவ்வளவே.

நளன் கதையை இந்த ஊரில் எல்லோரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். பாரதத்தில் கலி அவனைப் பற்றுவதற்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்கிறான். கிடைத்த வழி, ஒருநாள் கால் கழுவாமல் சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்தது. ஒரு ராஜ்யம் போவதற்கு இவ்வளவு போதுமா என்று சிறுவயதில் கோபம் வந்திருக்கிறது. கதை அந்தப் பிழையை மறைக்கவில்லை. அதுதான் நளன் என்றும் சொல்லவில்லை. அதற்குப் பின் அவன் வாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாகிறான். ருதுபர்ணனின் மேலாடை காற்றில் நழுவி, அதை எடுக்க வேண்டும் என்று அவன் சொல்வதற்குள் தேர் எட்டாத தூரம் போய்விடுகிறது. ஸ்தலபுராணத்தில் சனி விட்டது இந்தக் கோயிலில். பாரதத்தில் கலி இறங்கியது நளன் தேரோட்டிப் போன அந்த வழியில். கழுவாத காலும் வேகமான கையும் ஒரே மனிதனுடையவை என்று வைத்துக்கொள்ள அந்தக் கதைக்கு இடம் இருந்திருக்கிறது. நமக்கு ஏன் இல்லை?

ஹெலிகாப்டர் விழுந்த இடம் நஞ்சப்பசத்திரம். சப்தம் கேட்டு ஓடிவந்த அந்த ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்த கம்பளிகளையும் தண்ணீரையும் கொண்டுவந்தார்கள். எரிந்துகொண்டிருந்ததை அணைக்கப் பார்த்தார்கள், கிடைத்தவர்களைக் கம்பளியில் வைத்துத் தூக்கினார்கள். மறுநாள் மேட்டுப்பாளையம் பாதையில் ஜனங்கள் ஆம்புலன்ஸ்கள் மேல் பூத் தூவியது தெரிந்த பெயர்களுக்கு. முந்தின நாள் மத்தியானம் நஞ்சப்பசத்திரத்தில் யாருக்கும் எந்தப் பெயரும் தெரியாது. எவர் தளபதி, எவர் ஓட்டியவர், யார் மேல் பிழை என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை.

நமக்கு நேரம் இருக்கிறது. அதனால் கேட்கத்தான் வேண்டும். கேட்ட பிறகும் அந்தக் கம்பளியை எடுத்துக்கொண்டு ஓட முடியுமா என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.