தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும்

இலங்கையின் உடப்புசல்லாவை போன்ற மலைத் தோட்டங்களில் வளரும் பிள்ளைக்குக் காமன் கதை யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாசியில் காமன் கூத்துக்குக் காமன் கம்பம் ஊன்றியதும் ரதியும் அவள் புருஷன் மதன் என்கிற காமனும் தப்புச் சத்தத்துக்கு ஆடத் தொடங்குவார்கள். மரபுப்படி ரதி வேடம் கட்டுவது ஆண்பிள்ளை. மோகம், சிவனின் நெற்றிக்கண், எரிந்த புருஷனுக்கு ரதி வைக்கும் ஒப்பாரி என எல்லாவற்றையும் மடியில் கிடக்கும் குழந்தையிலிருந்து பாட்டி வரை விடிய விடியப் பார்ப்பார்கள். ஆகவே காமமும் சாவும் கதைக்குள் வரலாமா என்பதல்ல கேள்வி, எப்படி வரலாம் என்பதே.

பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை கட்டும் ஆட்டம் ஒன்று உண்டு. அங்கும் இதே கேள்வி எழுகிறது. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அதற்கு முன்னோடி. 1980களில் அதைப் பேய் வழிபாடு என்று அங்கே தூற்றினார்கள்; அது அபத்தம். ஆனால் "கற்பனைதானே, எதுவும் வரலாம்" என்று ஆடுகிறவர்கள் சொல்வதும் முழு நியாயமாகாது. மதன் எரிவான் என்று கூத்துப் பார்க்கப்போகிறவருக்கு முன்பே தெரியும். பிடிக்காதவர் அந்த நேரம் லயத்து வீட்டுக்குத் திரும்பிவிடலாம். மேசையில் அடுத்து என்ன வருமென்று யாருக்கும் தெரியாது. கதை நடத்துகிறவர் எதிரே இருக்கும் பெண்ணின் பாத்திரத்துக்குத் திடீரென வன்புணர்வை வைத்தால், பார்ப்பவளும் அவள், படுபவளும் அவள். எழுந்துபோனால் ஆட்டத்தைக் கெடுத்தவள் என்ற பெயரும் அவளுக்கே.

ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் இதற்கு ஓர் அட்டையைப் புகுத்தினார். 'எக்ஸ்' குறியிட்ட அதைத் தொட்டால் அந்தக் காட்சி விலக்கப்படும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் முக்கியம். காரணம் கேட்டால் புண்ணைக் காட்டச் சொல்வதாகிவிடும்.

இப்படிப் போனால் கற்பனை கோழையாகிவிடும் என்பார்கள். கூத்தைப் பார்த்தவர் அப்படிப் பயப்பட மாட்டார். உரு ஏறி ஆடுகிறவர் விழாமல் தாங்கப் பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள். அந்தத் தைரியத்தில்தான் அவர் தன்னை மறந்து ஆடுகிறார்.

கூத்தில் எல்லாம் சுத்தம் என்றும் சொல்வதற்கில்லை. கோமாளியான பபூன் அடிக்கும் இரட்டை அர்த்தப் பகிடி சில நேரம் கூட்டத்தில் இருக்கும் ஒருத்தியைக் குறிவைக்கும். ஊரே சிரிக்கும்போது, நிறுத்து என்று சொல்ல அவள் கையில் அட்டை எதுவும் இல்லை.