சீடராய் அமர்ந்தோம், ஊழியராய் எழுவோம்



எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்திலே ஒரு கண்டிப்பான வார்த்தை உண்டு. விசுவாசத்தைத் தழுவிப் பல ஆண்டுகள் ஆகியும், இன்னும் அரிச்சுவடியைச் சொல்லித்தர ஆள் தேடிக்கொண்டிருந்த கிறிஸ்தவர்களை ஆசிரியர் அங்கே கடிந்துகொள்கிறார். காலத்தைக் கணக்கிட்டால் இதற்குள் பிறருக்குப் போதிக்க வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் கெட்டியான உணவு உண்ணவேண்டிய பருவத்திலும் பாலுக்கே கை நீட்டினார்கள். ஏறத்தாழ 19 நூற்றாண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட இந்த வார்த்தை எம்மைப் பார்த்தும் சொல்லப்பட்டதன்றோ?

எமது இல்லங்களில் நடப்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பிள்ளை முதல் நற்கருணை வாங்குகிறது. சில ஆண்டுகளில் உறுதிப்பூசுதலும் பெறுகிறது. அன்றைக்குப் புது உடுப்பு, புகைப்படம், உறவினர்க்கு விருந்து எல்லாம் உண்டு. அடுத்த ஞாயிறு முதல் மறைக்கல்விப் புத்தகம் அலுமாரிக்குள் போய்விடுகிறது. பிறகு ரியூசன் வகுப்பு, க.பொ.த. பரீட்சை, உத்தியோகம், வெளிநாட்டுப் பயணம் என்று வாழ்க்கை ஓடுகிறது. 15 வயதில் நின்றுபோன வேத அறிவோடு 45 வயதில் பெற்றோராய், 60 வயதில் பாட்டன் பாட்டியாய் நாம் நிற்கிறோம். உறுதிப்பூசுதல் என்பது பணிக்கு அனுப்பும் அருட்சாதனம். நாமோ அதைப் படிப்பு முடிந்ததற்கான சான்றிதழ் ஆக்கிவிட்டோம். படித்து முடித்தவனும் வேலைக்குப் போகாவிட்டால் அந்தப் படிப்பால் யாருக்கு என்ன பயன்?

சீடர் என்பவர் ஆண்டவரின் பாதத்தில் அமர்ந்து கற்பவர். ஊழியர் என்பவர் கற்றதை எடுத்துக்கொண்டு எழுந்து செல்பவர். இவ்விரண்டும் ஒரே மனிதரின் வாழ்விலே நடக்க வேண்டியவை. முழுவதும் கற்று முடித்த பின்புதான் எழ வேண்டுமா? அல்லது அரைகுறையாய்க் கற்றபோதே எழலாமா? இதற்கு விடை தேட நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை. எமது நாட்டுத் திருச்சபையின் சரித்திரமே விடை சொல்கிறது.

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். திருப்பலி தடைசெய்யப்பட்டது. குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போர்க்குக் கடுந்தண்டனை என்று கட்டளை பிறந்தது. பலர் அஞ்சி, வெளித்தோற்றத்துக்கு ஒல்லாந்தருடைய சபையைச் சேர்ந்தவர்களாக நடந்துகொண்டனர். 1687ஆம் ஆண்டில் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணக் கரையில் வந்து இறங்கியபோது ஏறத்தாழ 30 ஆண்டுகள் கடந்திருந்தன. 1658இல் பிறந்த ஒரு குழந்தை வளர்ந்து, மணமுடித்து, பிள்ளைகளையும் பெற்றுவிடக்கூடிய காலம் அது.

கடற்பயணத்தின் களைப்பாலும் நோயாலும் வருந்திய அடிகளார், இரக்கமுள்ளவர்கள் கொடுத்த கஞ்சியினால் பிழைத்தெழுந்தார். பின்னர் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாய்ப் பிச்சை கேட்டுப் போனார். அந்தச் செபமாலையைக் கண்டு யாருடைய கண் கலங்குகிறது, யாருடைய முகம் மலர்கிறது என்று கவனித்தார். அவர் தேடியவர்கள் கிடைத்தார்கள். சில்லாலையில் தங்கி இரவு நேரங்களில் மறைவாகத் திருப்பலி நிறைவேற்றினார். குருவானவர் இல்லாத அத்தனை ஆண்டுகளிலும் விசுவாசம் அங்கே அணைந்துபோகவில்லை!

அன்பானவர்களே, அந்தத் திரியை அணையாமல் காத்தது யார்? கோவிலில் பிரசங்கம் இல்லை. பாடசாலையில் வேதபாடம் இல்லை. அடுப்பங்கரையில் பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் போடச் சொல்லிக்கொடுத்த தாயும், கதவைச் சாத்திவிட்டுச் செபமாலை சொன்ன பாட்டியும், தமக்குத் தெரிந்த மந்திரங்களை அயலவரின் பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்த பெரியவர்களும் அல்லாமல் வேறு யாராய் இருக்க முடியும்? அவர்கள் வேதசாஸ்திரம் கற்றுத் தேர்ந்தவர்கள் அல்லர். பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் விசுவாசப் பிரமாணமும் தெரிந்திருக்கலாம், அவ்வளவுதான். கற்பிக்க வேறு ஆள் இல்லாததால் கற்றவரே கற்பிப்பவரானார். கையில் இருந்தது கொஞ்சமே என்றாலும், அதைப் பங்கிட்டார்கள்.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் திருப்பலிக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தனர். அடியும் சிறையும் அவர்களுக்குப் பரிசாயின. அந்த நத்தார் இரவை நினைத்தால், மழை தூறுகிறது என்று பூசையைத் தவறவிடும் எம்முடைய மனச்சாட்சி உறுத்தாதா?

வாஸ் அடிகளார் இந்த மக்களின் ஆற்றலைக் கண்டுகொண்டார். தாம் ஒருவர் தீவு முழுவதற்கும் போதாது என்பதையும் உணர்ந்தார். ஆகவே சென்ற இடங்களிலெல்லாம் பொதுநிலையினரையே பொறுப்பாக்கினார். செபத்தை வழிநடத்தவும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கவும் அண்ணாவிமார் இருந்தார்கள். கோவிலையும் சமூகத்தின் காரியங்களையும் கவனிக்க மூப்பர்மார் இருந்தார்கள். குருவானவர் வருடத்தில் ஒருமுறை வந்துபோனாலும் விசுவாச வாழ்வு தடைப்படாமல் நடந்தது. 1705இல் இங்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை இயற்றியதும் இந்த மக்களின் கையில் கொடுப்பதற்காகவே. தவக்காலத்தில் எமது ஊர்களில் ஒலித்துவரும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்த சொத்து.

வாஸ் அடிகளாரின் வாழ்வையே எடுத்துப் பாருங்கள். 1677இல், தமது 26ஆம் வயதில், தம்மைத் தேவமாதாவின் அடிமையாக எழுதிக் கையளித்தவர் அவர். குருவாகிவிட்டோம், இனிக் கற்க ஒன்றுமில்லை என்று அவர் இருக்கவில்லை. எங்கள் மக்களுக்காகத் தமிழ் கற்றார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறையில் அடைத்தார்கள். அங்கே அவர் சிங்களம் கற்றார். 1697இல் கண்டி நகரில் பெரியம்மை பரவிப் பலரும் ஊரைவிட்டு ஓடியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைத் தம் மருமகனான கர்வாலோ அடிகளாருடன் சேர்ந்து பராமரித்தார். உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். சிறைக்கூடத்தில் மாணவராய் இருந்தவர் நோய்ப்படுக்கையின் அருகில் ஊழியராய் நின்றார். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைபதம் அடைந்த அவரை, எமது காலிமுகத்திடலிலே 1995இல் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராகவும் உயர்த்தியதை நாம் அறிவோம். அந்தத் திடலில் கூடிநின்று கைதட்டினோம். சரி, கைதட்டிய கைகள் அதன்பின் என்ன செய்தன?

இன்று எமக்கு என்ன குறை? குருமார் இருக்கிறார்கள். தமிழில் வேதாகமம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் திம்பிரிகஸ்யாயவிலும் ஆலயங்கள் இருக்கின்றன. இந்த நிறைவே எம்மை என்றென்றும் மாணவராக்கிவிட்டதோ என்று அஞ்ச வேண்டியுள்ளது. கேட்பது எமது பங்கு, செய்வது சுவாமியாரின் பங்கு என்று பாகம் பிரித்துவிட்டோம். 1965இல் 2ஆம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் அப்போஸ்தலப் பணியைப் பற்றித் தனி ஏடே வெளியிட்டது. 2021இல் பாப்பரசர் பிரான்சிஸ் மறைக்கல்வி போதிப்போரின் பணியைத் திருச்சபையின் ஒரு திருப்பணியாகவே ஏற்படுத்தினார். திருச்சபை கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நாம்தான் வாசலில் நிற்கிறோம்.

“எனக்கு என்ன தெரியும், நான் என்னத்தைச் சொல்லிக்கொடுக்க?” என்று தயங்குகிறீர்களா? அப்போஸ்தலர் பணி நூலின் 18ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். அப்பொல்லோ என்பவர் சொல்வன்மை மிக்கவர், வேதத்தில் தேர்ந்தவர். ஆயினும் அவர் அறிந்திருந்தது யோவானின் திருமுழுக்கை மட்டுமே. அக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதிகள் அவரைத் தங்களோடு அழைத்துச் சென்று, கடவுளின் வழியை இன்னும் திருத்தமாய் விளக்கினார்கள். அந்தத் தம்பதிகள் யார்? கூடாரம் செய்து பிழைத்த தொழிலாளர்கள். ஒரு குடும்பம் ஒரு போதகரை உருவாக்கியது! அப்பொல்லோவும் குறைவாய் அறிந்தபோதே போதிக்கத் தொடங்கினார். திருத்தியபோது மனத்தாழ்மையோடு ஏற்றுக்கொண்டார். கற்பதும் பணிசெய்வதும் இரு கால்களைப் போன்றவை. ஒன்றை ஊன்றி மற்றதை எடுத்து வைத்தால்தான் நடை உண்டாகும்.

இன்னுமொரு எச்சரிக்கையும் வேண்டும். பணி என்றதும் பதவியை நினைத்துவிடக் கூடாது. திருவிழாச் சபையில் முதலிடம், சுற்றுப்பிரகாரத்தில் குடை பிடிக்கும் உரிமை, பலகையில் பெயர் என்று இவற்றுக்காக உறவுகள் முறிந்த கதைகள் எமது பங்குகளில் இல்லாமல் இல்லை. ஆண்டவர் இராப்போசனத்தின்போது இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்தார். குனியத் தெரியாதவர் எத்தனை சபைகளில் இருந்தாலும் ஊழியர் ஆகமாட்டார்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? உங்கள் வீட்டிலே தொடங்குங்கள். ஹெவ்லொக் டவுன் மாடிவீடுகளில் வளரும் எமது பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். பாட்டி சொல்லும் செபம் அவர்களுக்கு விளங்குவதில்லை. பாட்டிக்கோ பேரப்பிள்ளையின் கேள்வி விளங்குவதில்லை. இந்த இடைவெளியில்தான் விசுவாசம் நழுவி விழுகிறது. இரவுச் செபம் முடிந்ததும் அடுத்த ஞாயிறு நற்செய்தியைத் தகப்பன் தமிழில் வாசிக்கட்டும். பிள்ளை அதைத் தனக்குத் தெரிந்த மொழியில் திருப்பிச் சொல்லட்டும். கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். விடை தெரியாவிட்டால், “இருவரும் சேர்ந்து தேடுவோம்” என்று சொல்லுங்கள். அப்படித் தேடுகின்ற பெற்றோரும் ஆசிரியர்தாம்.

பிறகு கதவைத் திறந்து வெளியே பாருங்கள். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போய்விட, தனித்து வாழும் முதியவர் உங்கள் மாடியிலேயே இருக்கலாம். படியிறங்க முடியாமல் பல மாதங்களாய்ப் பூசை காணாதவராய் இருக்கலாம். அவரைப் பற்றிப் பங்குத்தந்தைக்கு அறிவியுங்கள். நற்கருணை அவர் வீட்டுக்கு வர ஒழுங்கு செய்யுங்கள். வாரத்தில் ஒருநாள் அவரோடு அமர்ந்து செபமாலை சொல்லுங்கள். மறைக்கல்வி வகுப்புக்கு ஆசிரியர் தேவை என்று ஆலயத்தில் அறிவிக்கும்போது அடுத்தவர் முகத்தைப் பார்க்காதீர்கள்.

பேதுருவின் மாமியார் காய்ச்சலாய்க் கிடந்தார். ஆண்டவர் அவருடைய கையைப் பிடித்துத் தூக்கினார். காய்ச்சல் நீங்கியதும் அவர் எழுந்து அவர்களுக்குப் பணிவிடை செய்தார் என்று புனித மாற்கு முதலாம் அதிகாரத்தில் எழுதுகிறார். அந்த அம்மையாருக்கு யாரும் நியமனக் கடிதம் கொடுக்கவில்லை. ஆண்டவர் தூக்கிவிட்டார், அதுவே போதுமாயிருந்தது. எங்கள் கையையும் திருமுழுக்கு நாளிலேயே பிடித்துவிட்டார் அவர். இன்னும் படுத்திருக்க எமக்கு என்ன நியாயம் உண்டு?

புனித யோசேவ் வாஸே, உம்மைப்போல் கற்கவும், கற்றதைப் பிறர்க்காகச் செலவழிக்கவும் எமக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.