துருத்தி இழுத்த கை

ஒரு சாதனையைத் தனதென்று மனிதன் உரிமை கொண்டாடுவதற்கு, பிறர் உதவியை எவ்வளவுக்கு விலக்கியிருத்தல் வேண்டும்? அறவியலின் இப்பழைய வினாவுக்கு, பிரான்சின் தென்னெல்லையிலுள்ள பிரனீசு மலைத்தொடரில் நிகழ்ந்த சம்பவமொன்று உரைகல்லாக அமைகின்றது.

அங்குள்ள தூர்மலே கணவாய் 2115 மீற்றர் உயரமுடையது. ‘தூர் த பிரான்ஸ்’ எனும் துவிச்சக்கரவண்டிப் பந்தயம் 1910ஆம் ஆண்டில் முதன்முறையாக அதனைக் கடந்தது. 1913இல் அப்பந்தயத்தின் முன்னணியில் நின்றோருள் ஒருவர் யூஜின் கிறிஸ்தோப். கணவாயைக் கடந்து இறங்குகையில் அவரது வண்டியின் முன்கவை முறிந்தது. பழுது எதுவாயினும் பிறருதவியின்றிப் போட்டியாளரே சீர்செய்தல் வேண்டுமென்பது அக்கால விதி. வண்டியைத் தோளிற் சுமந்து, 10 கிலோமீற்றருக்குக் குறையாத தூரம் நடந்து, சென்த் மாரி த கம்பான் என்னும் சிற்றூரின் கொல்லன் பட்டறையை அவர் அடைந்தார். கொல்லன் வழி சொல்ல, பந்தய அதிகாரி அருகிருந்து நோக்க, தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி இணைத்தார். இரு கைகளும் வேலையில் ஈடுபட்டிருந்தமையால், துருத்தியை இயக்கச் சிறுவன் ஒருவன் துணைநின்றான். அதுவே குற்றமாயிற்று, நேரத் தண்டனை விதிக்கப்பட்டது.

விதியை எள்ளி நகைத்தல் எளிது. ஆயின் அதன்பாலும் நியாயமுண்டு. வழியெங்கும் ஆள் வைத்துக்கொள்ளும் வசதி எல்லார்க்கும் இல்லை. பணத்தின் வலிமை காலின் வலிமையை வெல்லாதிருக்க எல்லையொன்று வேண்டும். அது எங்கே இடப்படினும், அதன் ஓரத்தில் எவரேனும் ஒருவர் அகப்படவே செய்வர்.

எனினும் அவ்விதி கொல்லனின் உலையையும் சம்மட்டியையும் ஏற்றது. அவன் சொன்ன வழியையும் பொறுத்தது. மலையை வெட்டிப் பாதை சமைத்தோரின் உழைப்பை அது எண்ணவேயில்லை. துருத்தி இழுத்த கையை மட்டுமே எண்ணியது. ஆதலின், முற்றிலும் தனித்த சாதனை என்பது இயல்பில் உள்ளதொன்றன்று. போட்டியின் பொருட்டு மனிதர் கீறிக்கொள்ளும் கோடேயாம்.

அவ்வாறாயின் கிறிஸ்தோப்புக்கு உரியது யாது? வெற்றி வாய்ப்பு அழிந்த பின்னரும் விலகாது, அன்றைய எஞ்சிய கணவாய்களையும் ஏறிக் கடந்த உறுதி அவருடையது. அதனை எவரும் இரவல் தந்திலர். பந்தய முடிவில் அவர் பெற்றது 7ஆம் இடம்.

இன்று பழுதுபார்ப்போர் மாற்று வண்டிகளுடன் போட்டியாளரைப் பின்தொடர்கின்றனர். ஆயினும் வெற்றி மேடையில் ஏறுபவர் ஒருவரே. உதவி பெறுதல் சாதனையைக் குறைப்பதில்லை. பெற்றதை மறத்தலே குறைப்பது. வெற்றியாளர் பட்டியல் எதிலும் அச்சிறுவனுக்கு இடமில்லை. அவன் உழைப்பை உலகம் அறிய நேர்ந்தது அத்தண்டனையினாலேயே. விதி குற்றமென எழுதியதை அறம் நன்றிக்கடனென வாசிக்கும்.