அடிப்பக்கம்

எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டில் பனிக்காலம் என்றால், மார்கழி விடியலில் தென்பெண்ணை மேல் நிற்கும் மூட்டம்தான். எட்டு மணி வெயிலுக்கு அதுவும் கலைந்துவிடும். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு ஜெர்மன் விமான மாடலுக்கு ரஷ்யக் குளிர்காலத்து வெள்ளை அடித்துக்கொண்டிருந்தேன். விமானம் யுங்கர்ஸ் 52. மூன்று இஞ்சின். 72-ல் ஒரு பங்கு அளவு. ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனிக்கு 40 சென்டிமீட்டர்.

இரண்டாம் உலகப் போரில் கிழக்குப் போர்முனையில் இரண்டு தரப்புமே குளிர்காலத்தில் விமானங்களுக்கு வெள்ளை பூசின. வெண்பனி மூடிய தரையில் பச்சை விமானம் நின்றால், மேலே பறக்கிற எதிரிக்குப் பளிச்சென்று தெரிந்துவிடும். பொங்கலுக்கு நம் சுவரில் அடிக்கிற சுண்ணாம்பு மாதிரி அது ஒரு தற்காலிகப் பூச்சு. பனி உருகும் காலத்தில் கழுவிவிடலாம். அதனாலேயே சீக்கிரம் தேய்ந்தது, உரிந்தது, அடியிலிருந்த பச்சை எட்டிப்பார்த்தது. மாடல் செய்கிறவர்களுக்கு அந்த உரிசல் மேல்தான் ஆசை.

செய்முறை ஒன்றும் ரகசியமில்லை. முதலில் பச்சை. அது நன்றாகக் காய்ந்ததும் ஹேர் ஸ்ப்ரே. அதன்மேல் அக்ரிலிக் வெள்ளை. பிறகு தண்ணீர் தொட்ட முரட்டுத் தூரிகையால் தேய்த்தால், அடியில் ஹேர் ஸ்ப்ரே இளகி, வெள்ளை துணுக்குத் துணுக்காக உரிந்து வரும். எங்கே தேய்ப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. யுங்கர்ஸின் உடம்பு நெளிநெளியான தகடு, எங்கள் ஊர்த் தகரக் கொட்டகைகளின் கூரை மாதிரி. மேடுகளில் பெயின்ட் முதலில் தேயும், பள்ளங்களில் தங்கும். ஆட்கள் ஏறி மிதிக்கிற இறக்கையின் அடிப்பாகம் அழுக்காகும். புகைக்குழாய்க்குப் பின்னால் கரி படியும்.

அதாவது, ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, காரணத்துக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான். விறைத்த விரலால் பெட்ரோல் மூடியைத் திருகியவன். பூட்ஸ் காலோடு ஏறியவன். பறக்கவே பறக்காத விமானத்துக்குப் படாத காயத்தை வரைகிறாயே, இது போலி இல்லையா என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன். காரணமில்லாத கீறல்தான் பொய். காரணம் தெரிந்து போட்ட கீறல், பேர் தெரியாத அந்த ஆளுக்குச் செய்கிற மரியாதை.

ஒரு சாயங்காலம் இந்தப் பதில் போதாமல் போனது.

தெரிந்த ஈழத்து அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். 2006-ல் பன்னிரண்டு வயதில் படகேறி வந்து, இங்கே முகாமில் வளர்ந்தவர். மாடலைக் கையில் எடுத்து, “வடிவாத்தான் செய்திருக்கிறீர், தம்பி” என்றார். அப்புறம் அதைத் தலைகீழாகத் திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நாங்கள் பாத்தது இந்தப் பக்கத்தைத்தான்” என்றார்.

அவர் பிறந்த ஊரில் யாராவது ‘கிபிர்’ என்று கத்தினால் பங்கருக்குள் ஓட வேண்டும் என்று அர்த்தம். விமானத்தின் முதுகு எப்படி இருக்கும் என்று அங்கே யாரும் பார்த்ததில்லை.

நான் அடிப்பக்கத்துக்கு ஒரே ஒரு தடவை வெளிர்நீலம் அடித்துவிட்டு விட்டிருந்தேன். அலமாரியில் வைத்தால் தெரியாத பக்கம்தானே. நிஜ விமானத்திலும் குளிர்கால வெள்ளை மேல்பக்கத்துக்கு மட்டும்தான். வயிறு நீலமாகவே இருக்கும். வெள்ளை, மேலிருந்து பார்க்கிற இன்னொரு விமானியிடமிருந்து மறைப்பதற்கு. நீலம், கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறவர்களிடமிருந்து மறைப்பதற்கு. நான் தேடித் தேடிக் காரணம் கண்டுபிடித்த கீறல்கள் எல்லாம் விமானத்தில் ஏறியவர்களுடையவை. கீழே நின்றவர்கள் என் கணக்கிலேயே இல்லை.

1937 ஏப்ரல் 26-ஆம் தேதி ஸ்பெயினில் கெர்னிகா நகரத்தின் மேல் குண்டு போட்டவற்றில் இதே யுங்கர்ஸ் 52 இருந்தது. அதே வருஷம் பிக்காசோ வரைந்த ‘கெர்னிகா’ ஏறக்குறைய எட்டு மீட்டர் அகலம். அதில் குதிரை இருக்கிறது, காளை இருக்கிறது, செத்த பிள்ளையை ஏந்திய தாய் இருக்கிறாள். விமானம் இல்லை. எங்கள் மாடல்களில் விமானம் மட்டும்தான் இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1942 நவம்பரில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் ஆறாவது படை சுற்றிவளைக்கப்பட்டபோது, உணவும் மருந்தும் கொண்டுபோய், காயம்பட்டவர்களை ஏற்றிவந்தவை இந்த விமானங்கள்தான். நாளொன்றுக்கு 500 டன் என்றார்கள். பெரும்பாலான நாட்களில் அதில் பாதிகூடப் போய்ச் சேரவில்லை. இது வருமா வருமா என்று பட்டினியோடு அண்ணாந்து பார்த்துக் கிடந்தவர்களும் கீழேதான் இருந்தார்கள். அவர்களுக்காக நான் இரக்கப்படலாம். ஆனால் அதே குளிர்காலத்தில் அதே நாட்டின் ராணுவம்தான் லெனின்கிராட் நகரத்தையே முற்றுகையிட்டுப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விட்டால், அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

அப்படியானால் இதைச் செய்யவே கூடாதா? அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. நானும் விடவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. நுணுக்கத்தை நாம் நேர்மை என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு திருகாணியின் துரு வரைக்கும் சரியாக இருந்தால் உண்மையைச் சொல்லிவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. நமக்குப் பிடித்த இடத்தில் நின்றுவிடுகிற நுணுக்கம், பிடிக்காத இடத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு நல்ல சாக்கு. மாடலுக்கு மட்டுமில்லை, பழைய அரண்மனைகளையும் பரம்பரைப் பெருமைகளையும் பற்றி ஆசை ஆசையாக எழுதுகிற நம் எழுத்துக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஒரு வாரம் அடிப்பக்கத்தை மறுபடி செய்தேன். இஞ்சினிலிருந்து பின்னோக்கி வழிந்த எண்ணெய்க் கோடுகள், சக்கரம் வாரியடித்த சேறு. பிறகு திருக்கோவிலூரில் ஒரு கடையில் சின்னக் கண்ணாடி வாங்கிவந்து அதன்மேல் நிறுத்திவைத்தேன். இப்போது யார் குனிந்து பார்த்தாலும் விமானத்தின் வயிறு தெரிகிறது. கூடவே பார்க்கிறவர் முகமும்.