வேட்பாளரின் பிறப்பும் வாக்காளரின் மனமும்

தேர்தல் வந்துவிட்டால், "வேட்பாளர் என்ன செய்தவர்?" என்று வினவுமுன்னரே, "எந்தக் குலத்தவர்?" என்று வினவும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றியுள்ளது. மேலைநாடுகளில் நிறமும் இனமும் செய்வதை இங்குச் சாதி செய்கிறது. தம் பிறப்பினர்க்கே வாக்களித்தல் அறமாகுமா என நாம் நடுநிலையோடு ஆராய்தல் வேண்டும்.

மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. அதில் வென்ற முருகேசன், 1997 ஜூன் 30 அன்று உடன்வந்தோருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளிலோ 2006 வரை பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடைபெற இயலவில்லை. மனுச்செய்ய அஞ்சினர், வென்றவரும் பதவி விலகினர். வேட்பாளரின் தகுதி அங்கு எடைபோடப்படவே இல்லை.

ஆயினும் இது மாற்றவியலா விதியன்று. சிங்கப்பூர்க் குடிமக்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் சீனர். 2023 அதிபர் தேர்தலில் யாழ்ப்பாணத் தமிழ் வழிவந்த தர்மன் சண்முகரத்தினம், சீனர் இருவரை எதிர்த்து நின்று 70.4 விழுக்காடு வாக்குகள் பெற்றார். பல்லாண்டு அமைச்சராக அவர் ஆற்றிய பணியை மக்கள் அறிந்திருந்தனர். செயலை அறிந்தவிடத்துப் பிறப்பை வினவும் தேவை குறைகிறது.

ஒடுக்கப்பட்டோர் தம்முள் ஒருவரைத் தேர்தலும், வலியோர் பிறரைத் தடுத்தலும் ஒன்றாகா. முன்னது இழந்த குரலை நாடுவது, பின்னது குலச்செருக்கு. எண்வகைச் செருக்குகளுள் அதனையும் ஒன்றாக வைத்து விலக்கியது நம் அறம். மேலும், தலைகளை எண்ணுவதே நீதியாயின், எண்ணிக்கையிற் சிறியோராகிய நாம் எங்கும் கேட்கப்படாதவர் ஆவோம்.

நம் கரையான்சாவடியை உள்ளடக்கிய பூவிருந்தவல்லி, 2008 மறுவரையறைக்குப்பின் தனித்தொகுதி. 2011 முதல் இங்குச் சட்டமன்றத் தேர்தலில் நம்மவர் எவரும் நிற்பதற்கில்லை. ஆதலின் செயல் நோக்கித் தேர்வதே நமக்குள்ள வழி. "தனித்தொகுதிதானே, யார் வந்தால் என்ன?" என்று வீட்டிலிருந்துவிடின், அவ்வலட்சியமும் குலச்செருக்கின் மற்றோர் உருவமே.

ஒருவர்க்கு வாக்களிக்குமுன் நம்மையே கேட்போம்: இதே செயலும் இதே குணமும் உடையவர் வேறொரு குடியிற் பிறந்திருப்பின், அவரைத் தேர்வோமா? "ஆம்" என நெஞ்சறியச் சொல்ல இயலுமாயின், நாம் அளித்தது வாக்கு. இயலாதாயின், அது உறவினர்க்கு வைத்த மொய்யே.