வழி கேட்பது தாழ்வாகுமா?

வாழ்நாளில் முதன்முறையாக விமானம் ஏறுகின்ற ஒரு தாய், கையில் ஒரு பிள்ளையுடன், இடையிலே ஓர் அந்நிய நாட்டில் இறங்கி வேறு விமானத்திற்கு மாற வேண்டியிருக்கிறது. நம் குடும்பங்களில் இது இன்று புதினமான சங்கதியல்ல. கணவன் இலண்டனிலோ சூரிச்சிலோ ரொறன்ரோவிலோ இருப்பார். விசா கிடைத்துவிடும். பிரயாணச்சீட்டு டோகா வழியாகவோ துபாய் வழியாகவோ வரும். புறப்படுவதற்கு முந்திய நாள் வீடு நிறையச் சனம், ஆளுக்கொரு புத்திமதி. அவற்றுள் மிக அதிகமாகச் சொல்லப்படுவது இது: “ஒருத்தரோடையும் கதையாதை. சனம் போற பக்கம் நீயும் போ.”

இந்தப் புத்திமதி சரியானதா என்பதையே நாம் இங்கு ஆராய விரும்புகிறோம். பார்வைக்கு இது வெறும் பிரயாண விஷயம்தான். ஆனால் சற்று நின்று யோசித்தால், தெரியாததைத் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்வதில் ஒருவருடைய கௌரவத்திற்கு என்ன குறைந்துவிடுகிறது என்ற கேள்வி அதற்குள் இருப்பது புலப்படும். அந்தக் கேள்வியைக் கையில் பிடித்திருக்கும் பிள்ளையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

முதலில் நடைமுறையைப் பார்ப்போம். கட்டுநாயக்காவிலிருந்து டோகாவுக்கு ஏறக்குறைய 5 மணித்தியாலப் பறப்பு. அங்கே 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஹமாத் விமான நிலையத்தில் இறங்கியதும், கொழும்பிலிருந்து ஒன்றாக வந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். கட்டாரில் தொழில் செய்வோர் குடிவரவு வரிசையை நோக்கிப் போவார்கள். அப்பால் செல்வோர் மாறுவிமானத்திற்கான பாதையில் திரும்பி, இன்னொரு தடவை பாதுகாப்புச் சோதனைக்கு நிற்பார்கள். ‘சனம் போற பக்கம்’ என்று வீட்டில் சொன்னார்களே, இவர்களில் எந்தச் சனம்? தொழிலாளர் கூட்டம் பெரிதாக இருக்கும் நாளில், அதன் பின்னால் போன தாய் பிழையான வரிசையில் அரை மணி நேரம் நின்றபின்தான் திருப்பி அனுப்பப்படுவாள்.

கைக்கடிகாரமும் அவளைக் கலங்கடிக்கும். டோகாவின் நேரம் நமது நேரத்திற்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. துபாயினுடையது ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. பிரயாணச்சீட்டிலும் போடிங் பாஸிலும் அச்சிட்டிருப்பது அந்தந்த ஊரின் நேரம். கடிகாரத்தை மாற்றாத தாய், விமானம் போய்விட்டது என்று எண்ணிப் பதைபதைப்பாள். இரண்டாவது போடிங் பாஸில் வாயில் இலக்கம் சில வேளை அச்சிடப்பட்டிராது. அது பின்னரே தீர்மானிக்கப்படும். தீர்மானித்த பிறகும் மாறலாம். திரையைப் பார்த்தால் இலண்டன் என்றே இரண்டு மூன்று விமானங்கள் இருக்கும். ஊர்ப்பெயரைப் பார்ப்பதைவிட விமானத்தின் இலக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது ஒரு தரம் போய் வந்தவருக்குச் சாதாரணம். முதற்தரம் போகிறவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? பெட்டியின் கதையும் அதுவே. முழுப் பயணமும் ஒரே பதிவில் இருந்தால், கட்டுநாயக்காவில் கட்டும் துண்டிலே கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறி இருக்கும். இடையில் பெட்டியைத் தேட வேண்டியதில்லை. அமெரிக்கா போகிறவர்களுக்குப் பொதுவாக வேறு முறை. அந்த நாட்டில் முதலில் இறங்கும் இடத்திலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் கடந்து மீண்டும் கொடுக்க வேண்டும்.

இவை எல்லாம் அங்குள்ள மேசையிலே கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லித் தரும் விஷயங்கள். வளைகுடா விமான நிலையங்களில் வேலை செய்வோரில் நம் நாட்டவர் உண்டு, தமிழ்நாட்டவர் உண்டு, கேரளத்தவர், நேபாளத்தவர், பிலிப்பைன்ஸ் நாட்டவர் எல்லாரும் உண்டு. அரைகுறை ஆங்கிலத்தை அவர்கள் ஒருவரும் ஏளனம் செய்வதில்லை. அவர்களுள் பலர் அதே அரைகுறை ஆங்கிலத்துடன் வந்திறங்கியவர்களே. என்றாலும் நம் தாய்மார் கேட்கத் தயங்குகிறார்கள். ஏன்?

கூச்சம் ஒரு காரணந்தான். ஆனால் அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு என்பது எமது அபிப்பிராயம். 1983க்குப் பின் நம்மவர் ஆயிரக்கணக்கில் நாட்டைவிட்டுப் போனபோது, அநேகர் முகவர்களை நம்பியே போனார்கள். கடவுச்சீட்டு முகவரின் பையில் இருந்தது. எந்த நாட்டில் நிற்கிறோம் என்பதுகூடச் சிலருக்குத் தெரியாது. “வாயைத் திறவாதே, கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல், எனக்குப் பின்னால் வா” என்பதே அன்றைய பிரயாண வேதம். வாயைத் திறந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அது பிறந்தது. அந்தக் காலத்தில் அதற்கு நியாயமும் இருந்திருக்கலாம். உயிருக்குப் பயந்து ஓடியவரை நாம் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அன்று மாமன் கேட்ட புத்திமதியை இன்று சகல பத்திரங்களும் ஒழுங்காக உள்ள மருமகளுக்கும் சொல்லி அனுப்புகிறோம். சட்டப்படி விசா பெற்று, தன் சொந்தப் பெயரில், தன் சொந்தப் பிள்ளையுடன் போகிறவள் ஏன் ஒளித்தோடுபவள்போல் நடக்க வேண்டும்?

இந்த மௌனம் நட்டத்தையும் உண்டாக்கும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பதிவில் எடுத்த சீட்டானால், அடுத்த விமானத்தில் இடம் தரும் பொறுப்பு விமானக் கம்பனியுடையது. ஆனால் அவள் மேசைக்குப் போய்ச் சொன்னால்தானே? மூடிய வாயிலுக்கு முன்னே பிள்ளையை மடியில் வைத்து அழுதுகொண்டிருப்பவளைத் தேடி எப்போதும் ஆள் வரும் என்று சொல்ல முடியாது. மலிவைப் பார்த்து வெவ்வேறு கம்பனிகளில் தனித்தனிச் சீட்டு எடுத்துக் கொடுக்கும் கணவன்மாருக்கு இங்கே ஒரு சொல்: அந்த மிச்சப்பணத்தின் ஆபத்தைச் சுமப்பது நீங்களல்ல, மொழி தெரியாமல் நிற்கும் மனைவியும் பிள்ளையுமே.

தெரியாது என்று சொல்லக் கூசுவதனால் வேறொரு வழக்கமும் நம்மிடையே புகுந்திருக்கிறது. நல்ல சுகதேகியான ஆளுக்குச் சக்கர நாற்காலி கேட்டுப் பதிவது. “முழங்கால் வருத்தம் எண்டு சொல்லுங்கோ, அவை உருட்டிக்கொண்டு போய் அடுத்த பிளேனிலை ஏத்திவிடுவினம்” என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. வயோதிபர் விஷயம் வேறு. அந்த நீண்ட மண்டபங்களை நடந்து கடப்பது அவர்களுக்கு உண்மையிலேயே கஷ்டம். நாம் சொல்வது முப்பது வயதுத் தாயைப் பற்றி. வழி தெரியவில்லை என்று சொல்ல வெட்கம்; முடம் என்று பொய் சொல்ல வெட்கமில்லை! இது வினோதமான கௌரவம். நாற்காலிகளும் தள்ளுவோரும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. வேண்டாதவர் ஒருவர் ஏறிப்போனால் வேண்டியவர் ஒருவர் விமான வாசலில் காத்திருக்க நேரலாம். அத்தோடு, முந்தின நாள் முற்றத்தில் தன்னோடு ஓடிப்பிடித்து விளையாடிய அம்மா இன்று ஏன் நாற்காலியில் போகிறாள் என்று பிள்ளை கேட்கும். அதற்கு என்ன பதில்?

பொய் சொல்லாமலே கேட்க வழி இருக்கிறது. விமானக் கம்பனிகளிடம் ‘மீட் அன்ட் அசிஸ்ட்’ என்று ஓர் ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. மொழி தெரியாதவர், கைக்குழந்தையுடன் தனியே போகும் தாய், முதன்முறைப் பிரயாணி போன்றவர்களை இடையில் எதிர்கொண்டு அழைத்துச் செல்ல ஒருவரைக் கேட்பது அது. சில கம்பனிகள் இலவசமாகச் செய்கின்றன, சில கட்டணம் அறவிடுகின்றன, சிலவற்றில் அது இல்லை. சீட்டு எடுக்கும்போதே விசாரித்தால் தெரிந்துவிடும். விசாரிப்பதற்குச் சொல்ல வேண்டியதெல்லாம், “இவருக்கு இதுதான் முதற்பயணம், வழி தெரியாது” என்ற ஒரு வசனம்.

இனிப் பிள்ளைக்கு வருவோம். பாடசாலையில் நாலு வருடம் ஆங்கிலம் படித்த ஒன்பது வயதுப் பிள்ளையை மேசைக்கு முன்னே தள்ளி, “நீ கேள்” என்று தாய் பின்னால் நிற்பதுண்டு. பிள்ளையின் நாவைப் பயன்படுத்துவதில் பிழையில்லை. பிள்ளைக்கும் அது பெருமை. ஆனால் பதிலை விளங்கிக்கொள்ளும் பொறுப்பையும் பிள்ளையின் தலையில் வைத்தால், பிழை நேர்ந்தபோது “நீதானே சொன்னாய்” என்ற சொல்லும் கூடவே வரும். அந்நிய நாடுகளில் நம் பிள்ளைகள் வைத்தியசாலையிலும் அரசாங்கக் கந்தோரிலும் பெற்றோருக்காகப் பேசிப் பேசி வயதுக்கு மிஞ்சிய பாரம் சுமப்பதைக் கேள்விப்படுகிறோம். அந்தப் பாரம் பல வேளை இந்த இடைவழி மண்டபத்திலேதான் முதன்முதலில் ஏற்றப்படுகிறது. பிள்ளை பேசட்டும், தாய் அருகில் நின்று போடிங் பாஸைத் தானே நீட்டி, இலக்கத்தைத் தானே ஒரு கடதாசியில் எழுதி வாங்கட்டும். இலக்கத்துக்கு மொழி ஏது?

இன்னொன்று. பிள்ளையைச் சமாதானப்படுத்த நாம் சொல்லும் பொய்கள். “பிளேன் இறங்கினவுடனே அப்பா நிப்பார்” என்று சொல்லித்தான் அநேக பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார்கள். பிளேன் இறங்குகிறது, அப்பா இல்லை. மூன்று வருடம் தொலைபேசியில் மட்டும் பார்த்த அப்பாவைத் தேடி அந்தப் பிள்ளை முகம் முகமாகப் பார்க்கிறது. இடையில் ஓர் ஊர் இருக்கிறது, அங்கே இன்னொரு பிளேன் ஏற வேண்டும், அதற்குப் பிறகுதான் அப்பா என்று முதலே சொல்லியிருந்தால் நாலு வயதுப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளும். டோகாவில் மண்டபத்தின் நடுவே, தலையிலிருந்து விளக்கொன்று முளைத்தாற்போல, ஏழு மீற்றர் உயரமான மஞ்சள் நிறக் கரடிப் பொம்மைச் சிலை ஒன்று இருக்கிறது. “முதலில் அந்தக் கரடி, பிறகு அப்பா” என்று சொல்லிக் கூட்டிப் போகலாமே. எமக்கு அந்தச் சிலையின் அழகு பிடிபடவில்லை, பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது. தவறிப்போனால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சீருடை போட்டவரிடம் அம்மாவின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதையும் அப்போதே பழக்கலாம். “நீ தவறமாட்டாய்” என்று சொல்லி வைப்பது ஆறுதலாக இருக்கும். ஆனால் தவறிய நேரத்தில் அது கைகொடுக்காது.

கேட்பது சரி, எல்லாரையும் நம்பிவிடலாமா என்று வாசகர் கேட்பார். நியாயமான கேள்வி. வழி கேட்பது வேறு, பொறுப்பை ஒப்படைப்பது வேறு. கடவுச்சீட்டை அதிகாரி மேசைக்கு அப்பால் யாரிடமும் கொடுக்கக் கூடாது. பிள்ளையின் கையையும் விடக் கூடாது. “ஒரு சின்னப் பார்சல், உங்கடை பையிலை வையுங்கோ தங்கச்சி” என்று எவ்வளவு இனிய தமிழில் கேட்டாலும் மறுக்க வேண்டும். அப்படி மறுப்பது இரக்கமின்மையல்ல. பிறருடைய பொதிக்குள் இருப்பதற்குச் சுமந்தவரே பதில் சொல்ல வேண்டி வரும், அப்போது பிள்ளை யாரிடம் நிற்கும்?

கேட்கப்படுபவருக்கும் கடமை உண்டு. அடிக்கடி போய்வருகிறவர்கள் நம்முள் இப்போது பலர். சிலர் கையை நீட்டி “அந்தப் பக்கம்” என்று காட்டிவிட்டுக் கடைக்குள் போய்விடுகிறார்கள். வேறு சிலருக்கு உதாரகுணம் அதிகம்: “தாங்கோ பார்ப்பம்” என்று கடவுச்சீட்டையும் சீட்டுகளையும் வாங்கித் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தாயையும் பிள்ளையையும் பின்னால் இழுத்துச் செல்கிறார்கள். நல்லெண்ணந்தான். ஆனால் அந்தத் தாய் பழையபடி முகவருக்குப் பின்னால் போனவளைப்போல் ஆகிவிடுகிறாள். வழியை அவள் காணவேயில்லை. அவரைவிட்டுப் பிரிந்த கணத்தில் மறுபடியும் ஒன்றும் தெரியாதவள்.

இரண்டும் வேண்டாம். திரை மட்டும் கூட நடந்துபோய், பத்திரங்களை அவள் கையிலேயே விட்டு, “அக்கா, உங்கடை சீட்டிலை என்ன இலக்கம் இருக்கு? அதை இதிலை தேடுங்கோ” என்று நின்றால் போதும். அவளே கண்டுபிடிப்பாள், அல்லது பிள்ளை கண்டுபிடித்துக் கத்தும். கடிகாரத்தைத் திருப்பி வைக்கச் சொல்லி, வாயில் மூடும் நேரத்தையும் காட்டிவிட்டு அவர் தம் விமானத்தைப் பார்த்துப் போகலாம். ஐந்து நிமிடத்திற்கு மேல் ஆகாது.